சிகிச்சை முடிந்த பிறகு: புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற தமிழர்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் தொண்டூழியப் பணியில் இருப்பதால், ஒரே ஐயங்களை வெவ்வேறு குரல்களில் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். அவை பெரும்பாலும் மருத்துவரின் அறைக்குள் கேட்கப்படுவதில்லை. வெளியே வந்து மருந்து வாங்கக் காத்திருக்கும்போதுதான் மெதுவாக எழுகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லேன். அடுத்த சந்திப்பில் எதை, எப்படிக் கேட்கலாம் என்று நீங்கள் தயார்செய்துகொள்ள இவ்விடைகள் உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் ஏன் இப்பதான் அழுகை வருது?

சிகிச்சை நடக்கும் மாதங்களில் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது: ரத்தப் பரிசோதனை, கீமோ, கதிர்வீச்சு, மருந்து, மறுபடியும் பரிசோதனை. தாதியர் விசாரிக்கிறார்கள், உறவினர்கள் உணவு கொண்டுவருகிறார்கள், மனமும் அன்றைய நாளைக் கடப்பதிலேயே குறியாக இருக்கிறது. அந்த அட்டவணை நின்றபின்தான் நடந்தது என்ன என்று நினைத்துப் பார்க்க மனத்துக்கு நேரம் கிடைக்கிறது. ஆகவே அழுகையும் எரிச்சலும் வெறுமையும் சிகிச்சைக்குப் பிறகு வருவது மிகவும் பொதுவானது. உயிர் பிழைத்தவர் அழுவது நன்றிகெட்டதனம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் பெரும்பாலான நாள்களில், நாள் முழுவதும் மனம் சோர்ந்திருப்பது, எதிலும் விருப்பமில்லாமல் போவது, உறக்கமும் பசியும் கெடுவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அடுத்த சந்திப்புவரை காத்திராமல் மருத்துவக் குழுவை அழைத்துச் சொல்லுங்கள்.

கீமோ முடிஞ்சு பல மாசம் ஆச்சு. நல்லா தூங்கினாலும் உடம்பு அசதியா இருக்கு. சோம்பேறி ஆயிட்டேனா?

இல்லை. புற்றுநோய் சார்ந்த களைப்பு என்பது உழைத்த களைப்பிலிருந்து வேறுபட்டது. ஓய்வெடுத்தாலும் முழுமையாகத் தீராது. சிகிச்சைக்குப் பிறகு பல மாதங்கள் நீடிக்கும். சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும். இதைக் குடும்பத்தாருக்கு விளக்குவதே பாதி உதவி. வீட்டு வேலையை முன்புபோல் செய்ய முடியவில்லையே என்று குற்ற உணர்வில் தவிக்கும் அம்மாக்களை அதிகம் பார்த்திருக்கிறேன்.

களைப்பை வெறும் பின்விளைவு என்று ஒதுக்கிவிடாமல், திருத்தக்கூடிய காரணம் ஏதேனும் உள்ளதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, வலி, தூக்கக் கோளாறு, மேலே சொன்ன மனச்சோர்வு, உட்கொள்ளும் வேறு மருந்துகள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு குறைவது ஆண்டுகள் கழித்தும் நேரலாம்.

அசதியா இருக்கிறப்ப உடற்பயிற்சி செய்யச் சொல்றாங்களே, அது எப்படி முடியும்?

கேட்கும்போது முரணாகத் தோன்றினாலும், இத்தகைய களைப்புக்கு மிக வலுவான ஆய்வுச் சான்றுள்ள மருந்து உடற்பயிற்சிதான். 2019இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் பரிந்துரையின்படி, வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு நடப்பது போன்ற பயிற்சியை 8 முதல் 12 வாரம் தொடர்ந்தால் களைப்பு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை குறைகின்றன. வாரம் இரு முறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் நல்லது.

முதல் நாளே 30 நிமிடம் வேண்டாம். புளோக்கின் கீழ்த்தளத்தை இரண்டு சுற்று நடப்பதில் தொடங்கி, வெயில் தாழ்ந்தபின் பூங்கா இணைப்புப் பாதைவரை நீட்டிக்கலாம். இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து பெற்றவர்களும், எலும்பில் நோய் பரவியிருந்தவர்களும், நடக்கும்போது தடுமாறுபவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். 1964இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம், சிகிச்சை முடித்தவர்களுக்கென்றே மறுவாழ்வுச் சேவைகளை நடத்துகிறது. இயன்முறை மருத்துவர் உங்கள் உடல்நிலைக்கேற்ற பயிற்சியை வகுத்துத் தருவார் என்பதால், தனியாகத் தொடங்கத் தயங்குபவர்கள் அங்கு பரிந்துரை கேட்கலாம்.

மார்பக அறுவைக்குப் பிறகு அந்தக் கையால எதையும் தூக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. தேக்கா சந்தைக்குப் போனா பைகூடத் தூக்கக் கூடாதா?

அக்குளில் உள்ள, நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களை அகற்றினாலோ அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலோ, கையில் நீர் தேங்கி வீங்கும் வாய்ப்பு இருக்கிறது. அந்த அச்சத்தால் முன்பு மருத்துவர்களே கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னார்கள். உங்கள் மாமியார் சொல்வது அக்கறையோடு சொல்லப்படும் பழைய அறிவுரை. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மேற்பார்வையுடன் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கிப் பழகிய பெண்களுக்கு வீக்கம் மோசமாகவில்லை என்று காட்டியபின் அறிவுரை மாறியது. திடீரென்று பெரிய பாரத்தைத் தூக்குவதுதான் தவிர்க்க வேண்டியது. பையை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றித் தூக்குங்கள், அல்லது சக்கரப் பையை இழுத்துச் செல்லுங்கள்.

தோலைக் காப்பது எடையைவிட முக்கியம். மீன் கழுவும்போது முள் குத்தினாலும், எண்ணெய் தெறித்தாலும், பூச்சி கடித்தாலும் உடனே கழுவி மருந்திடுங்கள். வளையல், மோதிரம் வழக்கத்தைவிட இறுக்கமாகத் தெரிவது வீக்கத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அந்நிலையிலேயே சொன்னால் அழுத்தக் கையுறை, நிணநீர் வடிப்பு மசாஜ் ஆகியவற்றால் கட்டுப்படுத்துவது எளிது. கை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்று. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கால் விரல் மரத்துப் போயிருக்கு. வேண்டுதல் இருக்கு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா? தம்பி தீமிதிக்கணும்னு சொல்றான்.

ஆக்ஸாலிப்ளாட்டின், பேக்லிடேக்சல், வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் நரம்பு நுனிகளைப் பாதிப்பதால் கை, கால் விரல்கள் மரத்துப்போகின்றன. பலருக்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறையும். சிலருக்கு ஓரளவு நிலைத்துவிடும். ஆக்ஸாலிப்ளாட்டின் பெற்றவர்களுக்கு மருந்தை நிறுத்திய பின்னரும் சில மாதங்கள் மரப்பு கூடலாம் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் வீண் பயம் குறையும். வலியோடு கூடிய எரிச்சலுக்கு டுலோக்ஸிடின் என்ற மாத்திரை சிலருக்கு உதவுகிறது.

உணர்விழந்த கால் சூட்டையும் காயத்தையும் உங்களுக்குச் சொல்லாது. அதனால் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதிக்க நினைப்பவர், கால் மரத்திருக்கும்வரை அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பால்குடத்தைப் பொறுத்தவரை, சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை 3 கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலுடன் தார்ச்சாலையில் நடக்க வேண்டும். கால் மரப்பு நீங்கி, ரத்த அணுக்கள் இயல்புக்குத் திரும்பி, நடை உறுதியாக இருந்து, மருத்துவரும் சம்மதித்தால், விடியற்காலையில், துணையுடன் செல்லலாம். அலகு குத்துவது வேறு. நிணநீர்க் கணு அகற்றப்பட்ட பக்கத்தில் தோலைத் துளைப்பது தொற்றுக்கு வழிவிடும். வேண்டுதலைத் தள்ளிவைப்பதும், குடும்பத்தில் ஒருவர் உங்களுக்காக எடுப்பதும் நம் வழக்கத்தில் உள்ளவைதான். முருகன் கணக்குப் பார்ப்பதில்லை என்பது என் நம்பிக்கை.

வீட்டிலும் இதே கவனம் வேண்டும்: குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள், செருப்பின்றி நடக்க வேண்டாம், இரவில் பாதங்களைக் கண்ணால் பார்த்துச் சோதியுங்கள்.

பேர் மறந்து போகுது, அடுப்பில வச்சது மறந்து போகுது. மூளைக்கும் போயிடுச்சோ?

கீமோவுக்குப் பிறகு கவனமும் நினைவும் சற்று மந்தமாவது பலருக்கும் நேர்வது. பெரும்பாலோருக்கு மெல்லச் சீராகும். தூக்கமின்மையும் களைப்பும் இதைப் பெரிதாக்குகின்றன. சமைக்கும்போது கைப்பேசியில் மணி வைப்பது, ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்வது, எழுதிவைப்பது போன்ற எளிய வழிகள் போதும். தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, வாந்தி, வலிப்பு, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

சர்க்கரையை அடியோட நிறுத்திட்டேன், தினமும் மஞ்சள் மாத்திரையும் துரியான் பிளாண்டா (முள்சீத்தா) இலைக் கஷாயமும் குடிக்கிறேன். நல்லதுதானே?

உடலின் எல்லா அணுக்களும் சர்க்கரையைப் பயன்படுத்துகின்றன. இனிப்பை முற்றாக விலக்கினால் புற்றுநோய் பட்டினி கிடக்கும் என்பதற்குச் சான்று இல்லை. நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைப்பதும் உடல் எடையைப் பேணுவதும் வேறு விஷயம், அவை அவசியம். பயந்து பயந்து சோறும் பழமும் குறைத்து, எடையும் தசையும் இழப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்படுகிறது. பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று புரதம் ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும்.

குழம்பில் போடும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு. மாத்திரை வடிவில் அதிக அளவு எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதுண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடும் அது மோதலாம். துரியான் பிளாண்டா இலை மனிதர்களின் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நிறுவப்படவில்லை. அதிலுள்ள ஒரு பொருள் நரம்புக்கு நஞ்சாகலாம் என்ற ஐயமும் இருக்கிறது. சீனப் புத்தாண்டுக் காலத்தில் வீடுதோறும் வரும் பம்ளிமாஸ் பழமும் சில புற்றுநோய் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் மாற்றிவிடக்கூடும். சித்த மருந்தோ சீன மருந்தோ, எது எடுத்தாலும் பொட்டலத்தோடு கொண்டுபோய் மருத்துவமனை மருந்தாளரிடம் காட்டுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பதுதான் உண்மையான ஆபத்து.

ஸ்கேன் தேதி வந்தாலே தூக்கம் போயிடுது. திரும்ப வந்துடுமோன்னு பயமா இருக்கு.

மீண்டவர்கள் சொல்லும் கவலைகளில் இதுவே மிகப் பரவலானது. இந்தப் பயத்தை அறவே அகற்ற வேண்டும் என்று முயல்வதைவிட, அது உங்கள் அன்றாட வாழ்வை ஆளாமல் பார்த்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. ஸ்கேன் எடுக்கும் நாளுக்கும் முடிவு தெரியும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று முன்பே கேளுங்கள். இடைவெளியைக் குறைக்க முடியுமா என்றும் கேட்கலாம். முடிவு கேட்கும் நாளில் தனியாகப் போக வேண்டாம்.

எந்த வலியைப் பொருட்படுத்துவது என்பது அடுத்த குழப்பம். புதிதாக வந்தது, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பது, நாளுக்கு நாள் கூடுவது என்றால் சந்திப்புத் தேதிக்காகக் காத்திராமல் அழையுங்கள். உங்கள் வகைப் புற்றுநோய்க்குக் குறிப்பாக எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால், மற்ற சிறு வலிகளைப் பற்றிய அச்சம் தானாகக் குறையும்.

மனசு விட்டுப் பேச யாரும் இல்ல. தமிழ்ல பேசுறவங்க கிடைப்பாங்களா?

கிடைப்பார்கள், ஆனால் கேட்க வேண்டும். அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவ சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள். மனநல ஆலோசனையும் செலவு உதவியும் அவர்கள் வழியாகவே தொடங்கும். முன்பதிவு செய்யும்போதே தமிழ் பேசும் ஒருவர், அல்லது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆதரவுக் குழுக்கள், இந்தியச் சமூகத்துக்கு உதவ 1991இல் அமைந்த சிண்டாவின் குடும்பச் சேவைகள் ஆகியவற்றையும் அணுகலாம். உங்கள் பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்; பிள்ளைக்காக நீங்களும், உங்களுக்காகப் பிள்ளையும் உண்மையை மறைக்க நேரிடும்.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 995.

வாய்ப் புற்றுநோய்க்குப் பிறகு அப்பா எங்களோட உட்கார்ந்து சாப்பிடறதே இல்ல. எதுவும் பேசவும் மாட்டேங்கிறார். என்ன செய்றது?

அவர் பேசாததற்கு மனம் மட்டுமே காரணம் என்று முடிவு செய்ய வேண்டாம். கதிர்வீச்சுக்குப் பிறகு உமிழ்நீர் வற்றுகிறது, வாய் முழுதாகத் திறப்பதில்லை, விழுங்கும்போது புரையேறுகிறது, சொல் தெளிவாக வருவதில்லை. நால்வர் முன்னிலையில் உணவு வாயோரம் வழிவதைவிடத் தனியே உண்பது மேல் என்று தன்மானமுள்ள ஒரு மனிதர் நினைப்பதில் வியப்பில்லை. பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரிடம் பரிந்துரை கேளுங்கள். தாடைப் பயிற்சி, உணவின் பதத்தை மாற்றுவது, விழுங்கும்போது தலையை வைக்கும் முறை ஆகியவற்றை அவர்கள் கற்றுத்தருவார்கள். ரசமும் குழைந்த சோறும் எல்லோருக்குமாகச் சமைத்து ஒன்றாக உண்ணும் ஒரு வேளையை வைத்துப் பாருங்கள்.

பல் பிடுங்குவதற்குமுன், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், தாடையில் கதிர்வீச்சு பெற்றதைப் பல் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்த எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. ‘எப்படிப்பா இருக்கீங்க’ என்ற கேள்விக்கு ‘நல்லாருக்கேன்’ என்ற விடைதான் வரும். ‘நேத்து இட்லி இறங்குச்சாப்பா?’ என்று கேட்டால் பேச்சு வளரும்.

இதை எப்படிக் கேட்கிறதுன்னே தெரியல. கணவன் மனைவி உறவு பழையபடி இருக்குமா?

இக்கேள்வியைக் கேட்கத் துணிபவர்கள் மிகச் சிலர். கேட்க விரும்புபவர்கள் மிகப் பலர். புற்றுநோய் உறவின் வழியாகத் தொற்றாது. பெண்களுக்குப் பிறப்புறுப்பு வறட்சியும் வலியும், புரோஸ்டேட் அறுவை பெற்ற ஆண்களுக்கு விறைப்புக் குறைவும் ஏற்படுவது உடலியல் காரணங்களால். இரண்டுக்கும் உதவி உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் ஹார்மோன் கலந்த பூச்சுகளை மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரையான தமோக்ஸிஃபென் எடுக்கும் காலத்தில் கருத்தரித்தால் குழந்தைக்குத் தீங்கு நேரலாம் என்பதால் கருத்தடை தேவை. பெண் தாதியிடமோ ஆண் தாதியிடமோ பேச விரும்புவதாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வேலைக்குத் திரும்பணும். முதலாளிகிட்ட எவ்வளவு சொல்லணும்?

நோயின் பெயரைவிட, உங்களால் எதைச் செய்ய முடியும், எதை எவ்வளவு காலம் தவிர்க்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தேவை. பாதுகாவலர் வேலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கும், துப்புரவு வேலையில் ரசாயனத்தில் கை வைப்பவருக்கும், கணினிமுன் அமர்பவருக்கும் தேவைகள் வேறு வேறு. அவற்றைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். வேலை நியமனச் சட்டத்தின்படி, 6 மாதம் பணியாற்றிய ஊழியருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பும், மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள்வரை சம்பளத்துடன் விடுப்பும் உண்டு. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள வழிகாட்டி நெறிமுறைகளின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு முறையாக விண்ணப்பித்தால் நிறுவனம் 2 மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தர வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. நியாயமான காரணம் சொல்ல வேண்டும்.

ஹார்மோன் மாத்திரை அஞ்சு வருஷம் சாப்பிடணுமாம். மூட்டு வலி, உடம்பெல்லாம் சூடு. செலவு வேற. நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். இம்மாத்திரை, கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கக்கூடிய அணுக்கள் மீண்டும் வளராமல் தடுக்கக் கொடுக்கப்படுகிறது; 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு. தாங்க முடியவில்லை என்று சொன்னால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றலாம், சிறிது காலம் இடைவெளி விட்டுப் பார்க்கலாம். மூட்டுவலிக்கு, மேலே சொன்ன நடையும் தசைப் பயிற்சியுமே நன்கு உதவுகின்றன. எலும்பு தேயச்செய்யும் வகை மாத்திரை என்றால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவை. மனச்சோர்வுக்கு வேறு மருத்துவர் மருந்து எழுதினால் தமோக்ஸிஃபென் எடுப்பதைச் சொல்லுங்கள். பராக்ஸிடின், ஃபுளுவாக்ஸிடின் போன்றவை அதன் வேலையைக் குறைக்கலாம்.

செலவுதான் காரணம் என்றால் அதை வெட்கமின்றிச் சொல்லுங்கள். மருத்துவச் செலவுக்கான அரசாங்கத் திட்டங்களான மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப், மெடிஃபண்ட் ஆகியவற்றில் எது பொருந்தும் என்று மருத்துவ சமூக ஊழியர் பார்த்துச் சொல்வார்.

என்கூடவே கீமோ எடுத்தவங்க போயிட்டாங்க. நான் மட்டும் இருக்கேன். அவங்க வீட்டுக்குப் போகக்கூட கால் வரல.

இந்தக் குற்ற உணர்வுக்கு ஆளாகாத ஆதரவுக் குழு இல்லை. யாருடைய உடல் மருந்துக்கு இணங்குகிறது என்பதை யாருடைய மன உறுதியும் தீர்மானிப்பதில்லை. ‘அவர் போராடி வென்றார், இவர் தோற்றார்’ என்ற பேச்சு எனக்கு உடன்பாடற்றது. உங்களைப் பார்த்தால் அந்தக் குடும்பத்துக்கு வலி கூடும் என்று நினைக்கிறீர்கள். நான் கண்டவரையில், நாற்காலிக்கு நாற்காலி அருகில் அமர்ந்திருந்தவர் சொல்லும் நினைவுகளை அவர்கள் ஏங்கிக் கேட்கிறார்கள். கருமாதிக்குப் போக முடியாவிட்டால், சில வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்புகூடப் போதும்.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். எனக்குப் புற்றுநோய் வந்ததை மாப்பிள்ளை வீட்டில மறைச்சிடலாமா?

பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை. ஏறத்தாழ 100க்கு 5 முதல் 10 மட்டுமே பெற்றோரிடமிருந்து வரும் மரபணு மாற்றத்தால் நேர்கின்றன. இளவயதில் நோய் வந்திருந்தாலோ, ஒரே பக்கத்து உறவினர் பலருக்கு வந்திருந்தாலோ, சூலகப் புற்றுநோய் என்றாலோ மரபணு ஆலோசனை கேளுங்கள். சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் அதற்கென்று தனிப் பிரிவு உள்ளது. மார்பக, சூலகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உங்களிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனோ மகளோ, அது சென்றிருக்க 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. காப்புறுதி நிறுவனங்கள் யாரையும் மரபணுச் சோதனை செய்துகொள்ளுமாறு வற்புறுத்தக் கூடாது என்ற உடன்பாடு 2021 முதல் இங்கு நடப்பில் இருக்கிறது.

மறைப்பது பற்றி என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். ஊரெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை. ஜாதகம் பார்க்கும் கட்டத்திலேயே சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் பேச்சு உறுதியாகும் முன், மகளின் சம்மதத்தோடு, நோயின் பெயரையும் மருத்துவர் சொன்ன பரம்பரை வாய்ப்பையும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால், திருமணத்துக்குப் பிறகு ஒவ்வொரு பரிசோதனைக்கும் உங்கள் மகள் பொய் சொல்லிக்கொண்டு வர வேண்டியிருக்கும். உங்களைப் பார்க்க வருவதற்கும் அவள் காரணம் தேட வேண்டியிருக்கும். சொல்வது உங்களுக்குக் கடினமாக இருந்தால், குடும்பத்தில் நிதானமான ஒரு தாய்மாமனையோ சித்தியையோ பேசச் சொல்லுங்கள். மரபணு ஆலோசகர் தந்த விளக்கத்தை முன்பே அவர்களுக்குப் படித்துக் காட்டிவிடுங்கள்.